எல்லாருக்கும் பச்சை

எங்கள் குடிநீர் வாரியத்தில் தண்ணீரைத் தவிர மற்ற எல்லாம் தடையில்லாமல் வரும். சுற்றறிக்கை வரும், ஆய்வுக் குழு வரும், அந்தக் குழு ஒழுங்காக ஆய்வு செய்ததா என்று பார்க்க இன்னொரு குழு வரும். வருகிறவர்களை மேலே ஏற்றி, போகிறவர்களைக் கீழே இறக்குவது என் வேலை. தலைமை அலுவலகத்தின் லிஃப்ட்காரன் நான்.

கம்பிக் கதவு வைத்த பழைய லிஃப்ட் அது. கைப்பிடியை வலது பக்கம் தள்ளினால் ஏறும், இடது பக்கம் தள்ளினால் இறங்கும், நடுவில் விட்டால் நிற்கும். இதில் நான் கண்டுபிடித்த வித்தை ஒன்றுமில்லை. யார் வேண்டுமானாலும் ஓட்டலாம். நாள் முழுக்க அதற்குள் நிற்க யாருக்கும் மனமில்லை, அதனால் எனக்குச் சம்பளம் வந்துகொண்டிருந்தது. சம்பளத்தைவிட முக்கியம், வீடு. அலுவலகத்துக்குப் பின்னால், மேல்நிலைத் தொட்டியின் நிழலில், அத்தியாவசியப் பணியாளருக்கென்று ஓர் அறையும் சமையற்கட்டும் கொடுத்திருந்தார்கள். நானும் மனைவியும் மகளும் அதில்தான் குடியிருந்தோம். அதை விட்டால் எங்களுக்குப் போக்கிடம் கிடையாது.

இப்படி ஒழுங்காக ஏறி இறங்கிக்கொண்டிருந்த வாழ்க்கையில் பயிற்சி அதிகாரி வந்து சேர்ந்தார். வந்த வாரமே எங்கள் எல்லாரையும் கூட்ட அறைக்கு வரச் சொன்னார். இஸ்திரி கலையாத சட்டை, கலையாத முடி, கலையாத சிரிப்பு. எனக்கு அப்போதே சந்தேகம்தான். அவ்வளவு நேரம் சிரித்த முகமாக இருக்கிறவர் மனதில் என்ன வைத்திருக்கிறார் என்று யாருக்குத் தெரியும்.

"இதுவரைக்கும் பயிற்சின்னா என்ன? ஒருத்தர் வருவார், பேசுவார். நீங்க கேள்வி கேப்பீங்க, அவருக்குப் பதில் தெரியாது, வாரியத்துக்கு அவமானம். இனிமே அந்தத் தொல்லை இல்லை. எல்லாப் பாடமும் உங்க போன்லயே வரும். வீடியோவை யாரும் கேள்வி கேக்க முடியாது" என்றார்.

கைதட்டினோம்.

"எந்த நேரத்துலயும் கத்துக்கலாம், எந்த இடத்துலயும் கத்துக்கலாம். அலுவலக நேரத்துலயும் அலுவலகத்துலயும் மட்டும் கூடாது. நீங்க கத்துக்கிட்டீங்களா இல்லையான்னு எனக்குக் கவலை கிடையாது. கத்துக்கிட்டதா பதிவாகணும், அவ்வளவுதான். அறிவு இன்னைக்கு வரும், நாளைக்குப் போயிடும். பதிவு போகாது. பாடம் முடிச்சா உங்க பேருக்கு நேரா பச்சை விழும். முடிக்கலைன்னா சிவப்பு."

மறுபடியும் கைதட்டினோம். அவர் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"இன்னொண்ணு. அப்பப்போ திடீர் தேர்வு வைப்பேன். எப்ப, எங்க, எப்படின்னு சொல்ல மாட்டேன். ஒருநாள் நானே உங்க முன்னாடி மயங்கி விழுந்த மாதிரி நடிப்பேன். அப்ப உரிய பாடத்தை முடிக்காத யாராவது பதறிப்போய் எம்மேல கை வெச்சா, அவர் பேரு சிவப்பு. நிரந்தரமா."

எனக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த தபால் பிரிவு அக்கா என் காதருகில் குனிந்தார். "ஏன் தம்பி, அந்த மனுசன் நெஜமாவே விழுந்தா என்ன பண்றது?"

"அதுக்குன்னு தனியா ஒரு பாடம் இருக்கும்கா" என்றேன்.

லிஃப்ட் ஓட்டுவது பற்றிய பாடத்தை நான் முடிக்க வேண்டும் என்று உத்தரவு வந்தது. போனைத் திறந்தேன். லிஃப்ட் பாடத்துக்குப் பூட்டு. அதைத் திறக்க வேண்டுமானால் முதலில் இன்னொரு பாடத்தை முடிக்க வேண்டும். அதன் பெயர் 'மின்வழிக் கற்றலைப் புரிந்துகொள்ளுதலும் பணியிடப் பயிற்சியில் அதன் பயன்களும்'. அதாவது, இனிமேல் கற்கப்போவதை எப்படிக் கற்பது என்று முதலில் கற்க வேண்டும். எழுதியவர் பயிற்சி அதிகாரியேதான்.

திரையில் ஒரு பொம்மைப் பெண் வந்தாள். 'மின்வழிக் கற்றல் என்பது மின்வழியாகக் கற்பது' என்றாள். அதையே வேறு வேறு சட்டை போட்டுக்கொண்டு திரும்பத் திரும்பச் சொன்னாள். தாண்டிப் போகப் பொத்தான் தேடினேன். இல்லை. கண்ணை மூடினால் வீடியோ நின்றது. போனின் கேமரா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறது என்பது அப்போதுதான் புரிந்தது. சற்று நேரத்தில் திரையில் எழுத்து வந்தது: 'உங்கள் முகத்தில் ஆர்வம் குறைவாக உள்ளது.'

மனைவி எட்டிப் பார்த்தாள். "கல்யாண போட்டோலயே உங்க மூஞ்சி இப்படித்தாங்க இருக்கு. அதுக்கு அது என்ன பண்ணும், பாவம்."

பல்லைக் காட்டியபடியே மிச்சப் பாடத்தைப் பார்த்து முடித்தேன். பிறகு தேர்வு. முதல் கேள்வி, 'மின்வழிக் கற்றல் உங்களுக்குப் பிடித்திருக்கிறதா?' விடைகள் மூன்று: மிகவும், மிக மிக, சொல்ல வார்த்தை இல்லை. பணிவாக இருக்கட்டும் என்று மூன்றாவதைத் தொட்டேன். வார்த்தை இல்லாதவர்களுக்கென்று 'பணியிடத்தில் தெளிவாகப் பேசுதல்' என்ற பாடம் என் தலையில் கூடுதலாக வந்து விழுந்தது. இரண்டாவது கேள்விக்குப் போவதற்குள் திரை முழுக்கச் சிவப்பாகிவிட்டது.

மறுநாள் பயிற்சி அதிகாரி என்னைக் கூப்பிட்டனுப்பினார்.

"தேர்வு நேரத்துல உனக்குப் பின்னாடி இன்னொருத்தர் இருந்திருக்கார். மீசை வெச்ச ஆளு. உத்து உத்துப் பாத்துக்கிட்டு இருந்திருக்கார்."

எனக்குக் கொஞ்ச நேரம் பிடிபடவில்லை. பிறகு பிடிபட்டது. "சார், அது எங்க மாமனார் சார். செவுத்துல மாட்டியிருக்கிற போட்டோ. அவர் காலமாயிட்டார்."

"அது உங்க குடும்ப விஷயம், நான் தலையிட மாட்டேன். ஆனா தேர்வுல உதவினது உதவினதுதான்."

அந்த மனிதர் உயிரோடு இருந்த காலத்திலேயே எனக்கு ஒரு துரும்பை எடுத்துப் போட்டவர் இல்லை. இதையெல்லாம் அதிகாரியிடம் சொல்ல முடியுமா. தலையைக் குனிந்துகொண்டு நின்றேன்.

"சிவப்பு மாறுற வரைக்கும் நீ லிஃப்டைத் தொடக் கூடாது. ஆனா லிஃப்ட் பக்கத்துலயே நிக்கணும், அது உன் பணியிடம். மாசக் கடைசிக்குள்ள பச்சை விழலைன்னா அத்தியாவசியப் பட்டியல்லேருந்து உன் பேரை எடுத்துடுவாங்க. வீட்டையும் காலி பண்ற மாதிரி இருக்கும். எனக்கு ரொம்ப வருத்தம்தான்" என்றார், அதே சிரிப்போடு.

வீட்டுக்கு வந்து மாமனார் படத்தைக் கழற்றப் போனேன். மனைவி குறுக்கே வந்து நின்றாள்.

"எங்கப்பாவ எறக்கி வெச்சுட்டுத்தான் பச்சை வாங்கணும்னா, அந்தப் பச்சை எனக்கு வேணாங்க."

கழற்றவில்லை. ஒரு துண்டை எடுத்துப் படத்தின்மேல் போர்த்தினேன். அன்றிலிருந்து நான் போனோடு உட்கார்ந்தால் அவள் மகளைக் கூட்டிக்கொண்டு வெளியே தொட்டியடிக்குப் போய்விடுவாள்.

அலுவலகத்தில் லிஃப்ட் சும்மா நின்றது, அதன் பக்கத்தில் நானும் சும்மா நின்றேன். லிஃப்ட் பாடத்தில் பச்சை வாங்கியவர் கட்டடத்திலேயே ஒருவர்தான், பயிற்சி அதிகாரி. குழாய் பதித்தல், குளோரின் கலத்தல், மகப்பேறு விடுப்பைத் திட்டமிடுதல் என்று வாரியத்தில் உள்ள எல்லாப் பாடத்தையும் முடித்தவர் அவர். அவர் மட்டும் லிஃப்டில் போனார். மற்றவர்கள் மூச்சு வாங்கப் படியேறினார்கள்.

இதற்கிடையே திடீர் தேர்வுகளும் தொடங்கின. எல்லாருடைய போனுக்கும் ஒருநாள், 'உங்களுக்குப் பதவி உயர்வு, விவரம் அறிய இங்கே தொடவும்' என்று செய்தி வந்தது. தொட்டவர்களுக்கு 'ஆசையை அடக்கி ஆளுதல்' என்ற பாடம் வந்தது. கணக்குப் பிரிவில் அத்தனை பேரும் தொட்டிருந்தார்கள். அதற்குப் பிறகு நிஜமாகவே பதவி உயர்வு பெற்ற ஒருவர், உத்தரவைப் பிரிக்காமலேயே திருப்பி அனுப்பிவிட்டார்.

அப்புறம் யாரும் எதையும் நம்பவில்லை. தபால் அக்கா தன் சாப்பாட்டுப் பையை மாடிப்படியில் மறந்து வைத்துவிட்டார். ஏறுகிறவர் இறங்குகிறவர் எல்லாரும் அதைத் தாண்டித்தான் போனோம், நான் உட்பட. ஒருவரும் தொடவில்லை. அக்காவே அந்த வழியாகப் போனபோது, யாருடைய பொறியோ என்று ஒதுங்கிப் போய், மதியம் பட்டினி கிடந்தார். இரண்டாம் மாடிக் கழிவறையில் குழாய் உடைந்து தண்ணீர் ஓடியது. குடிநீர் வாரியத்தில் தண்ணீர் வீணாவதாவது, இது கட்டாயம் தேர்வுதான் என்று காலைத் தூக்கித் தூக்கி வைத்து நடந்தோம். ஊழியர்களின் நிதானத்தைப் பாராட்டி ஒரு சுற்றறிக்கையும் வந்தது.

மாதக் கடைசி நாள். எத்தனை தடவை தேர்வு எழுதியும் என் பெயருக்கு நேரே இன்னும் சிவப்பு. சாப்பாட்டு நேரம் முடிந்து பயிற்சி அதிகாரி லிஃப்டில் ஏறி மூன்றாம் மாடிக்குக் கிளம்பினார். பாதி வழியில் மின்சாரம் போனது. லிஃப்ட் ஒரு குலுக்குக் குலுக்கி இரண்டாம் மாடிக்கும் மூன்றாம் மாடிக்கும் நடுவில் நின்றது. மூன்றாம் மாடிக்காரர்களுக்கு அவருடைய தலை தெரிந்தது. படியேறி இரண்டாம் மாடிக்குப் போன எனக்கு அவருடைய காலணி தெரிந்தது.

"யாராவது இருக்கீங்களா? லிஃப்ட் நின்னுடுச்சு" என்று குரல் வந்தது.

கட்டடமே கூடிவிட்டது. ஒருவரும் ஓடவில்லை. வரிசையாக நின்று கையைக் கட்டிக்கொண்டோம். காசாளர் சீப்பை எடுத்துத் தலை வாரிக்கொண்டார், எங்காவது கேமரா இருந்தால் என்ன செய்வது. வாசல் காவலாளி, "சார் ஆரம்பிச்சுட்டார்" என்று தாழ்ந்த குரலில் சொன்னார்.

மின்சாரம் போனால் லிஃப்டை இறக்குவதற்கென்று மொட்டைமாடி அறையில் ஓர் இரும்புச் சக்கரம் உண்டு. எந்தப் பக்கம் சுற்றுவது என்று சுவரில் அம்புக்குறி போட்டு எழுதியே வைத்திருக்கிறது. அதற்கு மூளை வேண்டாம், தோள் இருந்தால் போதும்.

"லிஃப்ட்காரா, மேல போய் அந்தச் சக்கரத்தைச் சுத்துப்பா."

"சார், எனக்குச் சிவப்பு சார்."

"பரவால்ல, நாந்தான் சொல்றேன்ல."

இதுவும் பாடத்தில் இருந்தது. விதியை மீறும்படி மேலதிகாரி வாய்மொழியாகச் சொன்னால் என்ன செய்வீர்கள் என்று கேள்வி. சரியான விடை எனக்கு மனப்பாடம்.

"பணிவோட மறுக்கிறேன் சார்."

பின்னால் நின்றவர்கள் தலையாட்டி ஆமோதித்தார்கள்.

"ஐயோ, இது தேர்வு இல்லப்பா. சத்தியமா நெஜம்."

தபால் அக்கா என் முழங்கையைப் பிடித்தார். "தேர்வு இல்லன்னு சொல்றார் பாரு, அதுலதான் தம்பி இருக்கு சூட்சுமம். ஏமாந்துடாத, உனக்கு வீடு இருக்கு."

பயிற்சி அதிகாரி தனக்கு மூச்சு முட்டுகிறது என்றார். தண்ணீர் வேண்டும் என்றார். காசாளர் ரசித்துத் தலையசைத்தார். எனக்கு ஒரு யோசனை தோன்றியது. அங்கே கிடந்த முக்காலியில் உட்கார்ந்து போனைத் திறந்தேன். அப்போதே பாடத்தை முடித்துப் பச்சை வாங்கிவிட்டால், அது தேர்வாக இருந்தாலும் சரி, நிஜமாக இருந்தாலும் சரி, எனக்குக் கவலை இல்லை.

'மின்வழிக் கற்றல் என்பது மின்வழியாகக் கற்பது' என்றாள் பொம்மைப் பெண்.

"அதைத் தாண்டிப் போ, தாண்டிப் போ" என்று மேலேயிருந்து கத்தினார்.

"தாண்டுற பொத்தானை நீங்கதான சார் எடுத்துட்டீங்க."

கடைசியில் தேர்வு வந்தது. மின்வழிக் கற்றலின் முதன்மையான பயன் எது என்று கேள்வியை உரக்கப் படித்தேன். "ரெண்டாவது, ரெண்டாவது" என்று லிஃப்டிலிருந்து விடை வந்தது. அதைத் தொட்டேன். தவறு என்றது. கூடவே, 'அருகில் இன்னொரு குரல் கேட்கிறது' என்று சொல்லித் திரை சிவப்பானது. பாடத்தை எழுதியவரே சொல்லிக்கொடுத்து நான் தோற்றேன்.

மேலே ஒரு சத்தம் கேட்டது. அழுகைச் சத்தம். பெரிய மனிதர் அழுகிற மாதிரி இல்லை, வாயைப் பொத்திக்கொண்டு "அம்மா, அம்மா" என்று குழந்தை விசும்புகிற மாதிரி இருந்தது. பொய் சொல்ல மாட்டேன், கால் ஓர் அடி படியை நோக்கிப் போனது. ஆனால் வீடு கண்முன் வந்து நின்றது. ஆள் பொல்லாதவர், அழக்கூடத் தெரிந்து வைத்திருப்பார் என்று நினைத்துக்கொண்டு காலைப் பின்னுக்கு இழுத்தேன்.

அந்த நேரத்தில்தான், சாப்பிட வரவில்லையே என்று சாப்பாட்டுத் தூக்கோடு மனைவி படியேறி வந்தாள்.

"யாருங்க அழுறது?"

"பேசாத. தேர்வு நடக்குது."

அவள் அண்ணாந்து பார்த்தாள். கம்பிக்கு அந்தப் பக்கம் அவருடைய காலணியிலிருந்து சொட்டுச் சொட்டாக ஏதோ கீழே விழுந்துகொண்டிருந்தது. இவ்வளவு நேரமும் கழிவறைக் குழாய்த் தண்ணீர் என்று நினைத்திருந்தேன்.

"ஏங்க, இந்த ஆளு பயத்துல ஒண்ணுக்குப் போயிட்டாருங்க. யாராவது இவ்ளோ தூரம் நடிப்பாங்களா?"

மொட்டைமாடிச் சக்கரத்தைப் பற்றி நான் வீட்டில் அவளிடம் சொல்லியிருந்தேன். தூக்கை என் மடியில் வைத்துவிட்டு மொட்டைமாடிப் படியைப் பார்த்து நடந்தாள்.

"எங்க போற? எனக்குச் சிவப்பு விழுந்துடும்."

"எனக்குத்தான் லாகினே கிடையாதே" என்றாள், திரும்பாமல்.

கொஞ்ச நேரத்தில் லிஃப்ட் அசைந்தது. நின்று நின்று, முனகி முனகி இறங்கி இரண்டாம் மாடிக்கு வந்து சேர்ந்தது. பயிற்சி அதிகாரியே கம்பிக் கதவைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தார். முடி கலைந்திருந்தது, சட்டை கலைந்திருந்தது. கையிலிருந்த கோப்பால் பேண்ட்டின் முன்பக்கத்தை மறைத்துக்கொண்டார். கையைக் கட்டி வரிசையாக நின்ற எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். எங்கள் முகத்தில் இருந்தது என்ன என்று அவருக்கு விளங்கிவிட்டது போலும். மெல்ல மெல்ல அந்தச் சிரிப்பு திரும்பி வந்தது.

"திடீர் தேர்வு முடிஞ்சது" என்றார்.

எல்லாரும் மூச்சு விட்டோம்.

"நான் கெஞ்சினேன், அழுதேன். ஒருத்தர்கூட அசையலை. ஒரு மனுசன் கண்ணு முன்னாடி தவிச்சா ஓடிப்போய்க் கை கொடுக்கிற கெட்ட பழக்கம் நம்மகிட்ட ரொம்ப நாளா இருந்துச்சு. அதை மாத்திக் காட்டியிருக்கோம். பணியிடத்துல மின்வழிக் கற்றலோட பயன் என்னன்னு யாராவது கேட்டா, இன்னைக்கு நடந்ததைச் சொல்லலாம். எல்லாருக்கும் பச்சை."

கைதட்டல் ஓய வெகுநேரம் ஆனது.

"ஆனா வெளி ஆளு யாரோ குறுக்க பூந்து தேர்வைக் கெடுத்திருக்காங்க. யாரு அது?"

மனைவி மொட்டைமாடியிலிருந்து இறங்கி வந்துகொண்டிருந்தாள். புடவையெல்லாம் கிரீஸ். ஒரு கையை இன்னொரு கையால் பொத்திப் பிடித்திருந்தாள். எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் போனைப் பார்த்துக்கொண்டிருந்தேன். என் பெயருக்கு நேரே பச்சை விழுந்திருந்தது.

"சாப்பாடு கொண்டு வந்தவங்க சார்" என்றார் காவலாளி.

"வெளி ஆளுங்களை உள்ள விடாதீங்க" என்று சொல்லிவிட்டுப் பயிற்சி அதிகாரி மாடிப்படி வழியாக நடந்து போனார். மனைவி தூக்கை எடுத்துக்கொண்டு என்னைத் தாண்டி இறங்கினாள்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனபோது மாமனார் படத்தின்மேல் இருந்த துண்டைக் காணோம். மகள் அந்தத் துண்டை மடியில் போட்டுக்கொண்டு வீட்டுப் பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். நான் பச்சையை மனைவியிடம் காட்டினேன். வீடு தப்பித்தது என்றேன். அவள் பார்த்தாள், தலையசைத்தாள். பிறகு வந்து எதிரில் உட்கார்ந்து, மருந்துக் குழாயை என் பக்கம் தள்ளிவிட்டு, கையை விரித்து நீட்டினாள்.

"சக்கரத்துல தோல் உரிஞ்சு போச்சுங்க. இந்தக் கையால மூடி தெறக்க வரல. கொஞ்சம் போட்டு விடுங்க."

உள்ளங்கை முழுக்கச் சிவந்து, ஓர் இடத்தில் சதை தெரிந்தது. மருந்துக் குழாயை எடுத்தேன். மூடியைத் திறந்தேன். 'முதலுதவி அளித்தல்' பாடத்தை நான் இன்னும் தொடங்கவே இல்லை என்பது நினைவுக்கு வந்தது. இன்றைக்குத்தான் பச்சை விழுந்திருக்கிறது. என் கை அப்படியே நின்றது. ஒரே ஒரு கணம்தான். கண் என்னை அறியாமல் போன் இருக்கும் பக்கம் போய், அதன் கேமரா மேலே பார்த்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் திரும்பியது.

அதை அவள் பார்த்துவிட்டாள்.

"பரவால்லங்க. தேர்வுல நீங்க பாஸ்" என்றாள். என் கையிலிருந்து மருந்தை வாங்கி, புண்ணில்லாத கையால் தானே போட்டுக்கொண்டாள்.